வரைபடம் இல்லாத பலகை

2022-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் ஒரு நாள், பார்வையற்ற மாணவர்கள் பயிலும் பள்ளி ஒன்றின் தலைமையாசிரியை என்னைத் தொலைபேசியில் அழைத்தார். "ஐயா, எங்கள் பிரெயில் அச்சுப்பொறி நின்றுவிட்டது. இன்னும் நான்கு நாளில் அரையாண்டுத் தேர்வு. வினாத்தாள்களில் பாதிகூட அச்சாகவில்லை. மூன்று பேர் வந்து பார்த்துவிட்டுக் கைவிரித்துவிட்டார்கள். தாங்கள் ஒரு முறை வந்து பார்க்க இயலுமா?" என்று கேட்டார்.

நான் கல்லூரியில் மின்னணுவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். கரும்பலகையில் சுற்றுகளை வரைந்து விளக்குவதே என் தொழிலாக இருந்தது. ஆனால் அன்று எனக்கு வாய்த்தது வரைபடமே இல்லாத ஒரு சுற்று. அதை எப்படி அறிந்துகொண்டேன், எப்படிப் பழுது நீக்கினேன் என்பதை, இடையில் நான் செய்ய இருந்த பிழையையும் மறைக்காமல், இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் பிரெயில் எழுத்தைப் பற்றி இரண்டு சொல். பிரான்சு நாட்டில் 1809-ஆம் ஆண்டு பிறந்த லூயி பிரெயில் சிறு வயதிலேயே பார்வையை இழந்தவர். 1824-இல், தம் பதினைந்தாம் வயதிலேயே, விரலால் தடவிப் படிக்கும் எழுத்து முறையை அவர் வகுத்துவிட்டார். நெடுக்கில் மூன்று, குறுக்கில் இரண்டு என ஆறு புள்ளிகளுக்கு இடம் உண்டு. எந்த இடத்தில் புள்ளி எழும்பியிருக்கிறது, எந்த இடத்தில் எழும்பவில்லை என்பதைக் கொண்டு 63 வடிவங்களை அமைக்கலாம். இந்திய மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிரெயில் முறை 1951-இல் ஏற்றுக்கொள்ளப்பட்டது. தமிழ் எழுத்துகளும் அந்த ஆறு புள்ளிகளுக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன.

இப்புள்ளிகளைத் தடித்த தாளில் எழுப்புவதுதான் அந்த அச்சுப்பொறியின் வேலை. மின்காந்தத்தால் இயங்கும் சிறு சுத்திகள் தாளைக் குத்திக் குத்திப் புள்ளிகளை எழுப்புகின்றன. எனவே அப்பொறிக்கு இருவகை மின்சாரம் வேண்டும். எந்தச் சுத்தி எப்போது அடிக்கவேண்டும் என்று கணக்கிடும் மூளைப் பகுதிக்குக் குறைந்த மின்னழுத்தம். சுத்திகளுக்கு அதைவிட உயர்ந்த மின்னழுத்தம். இவ்விரண்டையும் வழங்கும் பலகையை மின்வழங்கி என்று சொல்வோம். அங்கேதான் பழுது என்று மூன்று பேரும் சொல்லியிருந்தார்கள். புதிய பொறி வாங்குவதென்றால் சில இலட்ச ரூபாய் ஆகும். பள்ளியிடம் அவ்வளவு பணம் இல்லை. இருந்தாலும் நான்கு நாளில் பொறி வந்து சேராது.

மறுநாள் காலை நான் பள்ளிக்குச் சென்றபோது, பொறி ஒரு மேசைமேல் திறந்து கிடந்தது. அதைச் செய்த நிறுவனம் எப்போதோ மூடப்பட்டுவிட்டது. கையேட்டில் தாள் வைக்கும் முறை இருந்ததே அன்றிச் சுற்றின் வரைபடம் இல்லை. உள்ளங்கையைவிடச் சற்றே பெரிய அந்த மின்வழங்கிப் பலகையில், முக்கியமான சில்லு ஒன்றின் முதுகில் இருந்த எண்ணையும் தேய்த்து அழித்திருந்தார்கள். பிறர் பார்த்துச் செய்துவிடக் கூடாது என்பதற்காகச் சிலர் அவ்வாறு செய்வதுண்டு. ஆண்டுகள் பல கழித்து எங்கோ ஒரு பள்ளிக்கூடத்தில் அந்தத் தேய்ப்பு யாரை வருத்தும் என்று அவர்கள் எண்ணிப் பார்த்திருக்கமாட்டார்கள்.

மின்செருகியைச் செருகி விசையை அழுத்தினேன். பொறியின் முகப்பில் இருந்த சிறு விளக்கு மினுக்கென்று எரிந்து அணைந்தது, மீண்டும் மினுக்கியது, மீண்டும் அணைந்தது. பலகையிலிருந்து மிக மெல்லிய 'டிக் டிக்' என்னும் ஒலி எழுந்தது. இறந்துபோன பொறி இவ்வாறு செய்யாது. உயிர் இருக்கிறது, எழ முயல்கிறது, ஏதோ ஒன்று அதை மீண்டும் மீண்டும் கீழே தள்ளுகிறது. இதுவே நான் கண்ட முதற் செய்தி.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். நம் வீட்டுக்கு வரும் மாறுமின்னழுத்தம் 230 வோல்ட். இத்தகைய மின்வழங்கி அதை முதலில் நேர்மின்னழுத்தமாக மாற்றிப் பெரிய மின்தேக்கி ஒன்றில் நிரப்பி வைக்கிறது. 230-ஐ இரண்டின் வர்க்கமூலத்தால் பெருக்கிப் பாருங்கள், 325 வரும். அத்தனை வோல்ட் அந்த மின்தேக்கியில் நிற்கிறது. செருகியைப் பிடுங்கிய பிறகும் சிறிது நேரம், பழுதுபட்ட பலகையில் நெடுநேரங்கூட, அது அங்கேயே காத்திருக்கும். ஆகவே செருகியைப் பிடுங்கியதும், பத்தாயிரம் ஓம் மின்தடை ஒன்றின் வழியாக அதை வடியவிட்டேன். வடிந்துவிட்டது என்று நம்பிவிடாமல் மல்டிமீட்டரால் அளந்து பார்த்த பின்னரே பலகையைக் கையில் எடுத்தேன். நாற்பது ஆண்டுப் பழக்கம் உள்ளவனும் ஒவ்வொரு முறையும் இதைச் செய்கிறான். ஆசிரியர் அருகில் இல்லாமல் நீங்கள் இத்தகைய பெட்டியைத் திறக்கவே கூடாது.

அடுத்த வேலை வரைபடம் எழுதுவது. பழுது எங்கே என்று தேடும் ஆவலில் இதைத் தவிர்த்துவிடத் தோன்றும். அந்த ஆவலுக்கு இடம் கொடுக்கக் கூடாது. பலகையை வலிமையான விளக்கின் முன்னே பிடித்தால், பின்புறத்துச் செம்புப் பாதைகள் நிழல்போலத் தெரியும். இருபுறத்தையும் கைப்பேசியால் படம் எடுத்து, பின்புறப் படத்தை இடவலமாகப் புரட்டி, முன்புறப் படத்தோடு ஒப்பிட்டுக்கொண்டே வரைந்தேன். புரட்ட மறந்தால் இடம் வலமாகிவிடும். வரைபடம் முழுதும் பொய்யாகிவிடும். இரண்டு மணி நேரத்தில் பெரிய தாள் ஒன்று நிறைந்தது.

வரைய வரையப் பலகை தானே பேசத் தொடங்கியது. பலகையின் நடுவே செம்பே இல்லாத அகன்ற அகழி ஒன்று ஓடியது. அதுதான் எல்லைக்கோடு. ஒரு பக்கம் வீட்டு மின்சாரத்தோடு நேரே தொடர்புடையது; தொட்டால் உயிருக்கு ஆபத்து. மறுபக்கம் பொறிக்குச் செல்லும் தாழ்ந்த மின்னழுத்தம். அகழியைக் கடந்து நின்றவை இரண்டே பொருள்கள். ஒன்று தீப்பெட்டி அளவுள்ள மின்மாற்றி. மற்றொன்று, ஒரு பக்கத்துச் செய்தியை ஒளியாக மாற்றி மறுபக்கத்துக்கு அனுப்பும் நான்கு கால் உறுப்பு. அதை ஒளியிணைப்பி என்பார்கள்.

மின்மாற்றி ஏன் இவ்வளவு சிறியது என்று கேட்பீர்கள். பழைய வானொலிப் பெட்டிகளில் கனத்த இரும்பு மின்மாற்றி இருக்கும். நொடிக்கு 50 முறை மாறும் மின்னோட்டத்துக்கு அத்தனை இரும்பு வேண்டியிருந்தது. இக்காலத்து மின்வழங்கியிலோ, 325 வோல்ட் நேர்மின்னழுத்தத்தை ஒரு டிரான்சிஸ்டர் நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டி அனுப்புகிறது. வெட்டும் வேகம் கூடக் கூட மின்மாற்றி சிறுத்துக்கொண்டே வரும். அந்த டிரான்சிஸ்டரை எப்போது திறக்கவேண்டும், எப்போது மூடவேண்டும் என்று கட்டளை இடுவதுதான் பெயர் அழிக்கப்பட்ட அந்தச் சில்லு.

அதற்கு எட்டுக் கால்கள் இருந்தன. பெயர் தெரியாத மனிதரை அவர் பழகும் இடங்களைக் கொண்டு அறிவதுபோல, ஒவ்வொரு காலும் எங்கே செல்கிறது என்று பார்த்தேன். ஆறாம் கால், சிறு மின்தடை ஒன்றின் வழியாக டிரான்சிஸ்டரின் கதவுக்குச் சென்றது. மூன்றாம் கால், டிரான்சிஸ்டரில் ஓடும் மின்னோட்டத்தை அளக்கும் மின்தடைக்குச் சென்றது. ஐந்தாம் கால் பெரிய மின்தேக்கியின் எதிர்முனைக்குச் சென்றது. ஏழாம் காலில் 100 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்று இருந்தது. அதே காலுக்கு 325 வோல்ட் முனையிலிருந்து மொத்தம் 150 ஆயிரம் ஓம் உள்ள இரு மின்தடைகள் வரிசையாக வந்து சேர்ந்தன. 3842 என்னும் எண் கொண்ட சில்லுக் குடும்பத்தின் அமைப்பு அப்படியே இதுதான். முதுகில் இருந்த எண்ணை அழித்தவர்களால் கால்களின் தொழிலை அழிக்க முடியவில்லை.

இந்தச் சில்லு எப்படி வேலை தொடங்குகிறது என்பதைக் கேளுங்கள். 150 ஆயிரம் ஓம் வழியாக மிகச் சிறிய மின்னோட்டம் வந்து ஏழாம் காலில் உள்ள மின்தேக்கியை நிரப்புகிறது. அங்கே மின்னழுத்தம் 16 வோல்ட் ஆனதும் சில்லு விழித்துக்கொண்டு வேலையைத் தொடங்குகிறது. வேலை செய்யும்போது அதற்கு மிகுந்த மின்னோட்டம் வேண்டும். அதை மின்மாற்றியிலேயே சுற்றப்பட்டுள்ள தனிச் சுருள் ஒன்று தரவேண்டும். அச்சுருளிலிருந்து போதிய மின்சாரம் வராவிட்டால், மின்தேக்கியில் உள்ள சேமிப்பு கரையும். 10 வோல்ட்டுக்கு இறங்கியதும் சில்லு மீண்டும் உறங்கிவிடும். பிறகு மறுபடியும் நிரம்பவேண்டும். விளக்கு மினுக்கி மினுக்கி அணைந்ததன் பொருள் இதுதான்.

இந்த நோய்க்கு முதலில் ஐயப்படவேண்டியவன் யார்? அனுபவம் உள்ள எவரும் அந்த 100 மைக்ரோஃபாரட் மின்தேக்கியைத்தான் சுட்டுவார்கள். அதற்குள் ஈரப்பசை உண்டு; ஆண்டுகள் செல்லச் செல்ல அது உலர்ந்துபோகும்; கொள்ளளவு குறையும். நானும் அதையே எண்ணிப் பற்றவைக்கும் கோலைச் சூடாக்கத் தொடங்கினேன்.

அப்போது மேசையின் ஓரத்தில் நின்றிருந்த பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி, "ஐயா, ஒன்று சொல்லலாமா?" என்றாள். அந்தப் பொறியில் தாள் வைத்து எடுப்பது அவள் பொறுப்பாம். "பொறி நல்ல நிலையில் இருந்தபோது இந்தச் சத்தம் இல்லை. இப்போது ஒரே சீராகத் தட்டுகிறது. காலையில் நீங்கள் விசையைப் போட்டபோது எண்ணிப் பார்த்தேன். நிமிடத்துக்கு 140 தடவை" என்றாள்.

"கடிகாரம் வைத்து எண்ணினாயா, அம்மா?" என்று கேட்டேன். அவள் கையை நீட்டிப் பேசும் கடிகாரத்தைக் காட்டினாள்.

நான் சூட்டுக்கோலைக் கீழே வைத்துவிட்டுத் தாளை எடுத்தேன். நண்பர்களே, நீங்களும் என்னோடு கணக்கிடுங்கள். நிமிடத்துக்கு 140 என்றால், ஒரு தட்டுக்கும் மறு தட்டுக்கும் இடையே ஏறத்தாழ 0.43 நொடி. 325 வோல்ட்டிலிருந்து 150 ஆயிரம் ஓம் வழியாக வருவது ஏறத்தாழ 2 மில்லி ஆம்பியர். உறங்கும் சில்லு அதில் அரை மில்லி ஆம்பியரை உண்டுவிடும், எஞ்சியது ஒன்றரை. 100 மைக்ரோஃபாரட் மின்தேக்கியை 10 வோல்ட்டிலிருந்து 16 வோல்ட்டுக்கு உயர்த்த 600 மைக்ரோகூலும் மின்னூட்டம் வேண்டும். ஒன்றரை மில்லி ஆம்பியர் அதை நிரப்ப 0.4 நொடி ஆகும். கணக்கும் அவள் காதும் ஒன்றையே சொல்லின. மின்தேக்கி உலர்ந்து பத்தில் ஒரு பங்காகக் குறைந்திருந்தால் நிமிடத்துக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட தட்டுகள் கேட்டிருக்கும். தட்டாகவே கேட்காமல் முனகலாகக் கேட்டிருக்கும். ஆகவே அந்த மின்தேக்கி குற்றமற்றது. நான் விளக்கைக் கண்ணால் பார்த்தேன். 'மினுக்குகிறது' என்று மட்டும் அறிந்தேன். அவள் எண்ணினாள், அளவை அறிந்தாள். அறிவியலில் இவ்விரண்டுக்கும் இடையே உள்ள தொலைவு பெரிது.

இனிச் சில்லைச் சோதிக்கவேண்டும். வீட்டு மின்சாரத்தைத் தொடாமலே அதைச் செய்யலாம். செருகியைப் பிடுங்கி, பெரிய மின்தேக்கியை வடித்து, வெளியிலிருந்து தாழ்ந்த நேர்மின்னழுத்தத்தை ஏழாம் காலுக்குக் கொடுத்து மெல்ல மெல்ல உயர்த்தினேன். 16 வோல்ட்டை எட்டியதும் எட்டாம் காலில் 5 வோல்ட் தோன்றியது. மெல்லக் குறைத்தேன். 10 வோல்ட்டில் அது மறைந்தது. சில்லும் நலமாக இருக்கிறது. அது இன்ன குடும்பம் என்பதும் உறுதியாயிற்று.

சுத்திகளுக்குச் செல்லும் இணைப்புகளைக் கழற்றிவிட்டு மீண்டும் விசையைப் போட்டேன். இம்முறை நூறு வாட் இழை விளக்கு ஒன்றைத் தொடரில் இணைத்துக்கொண்டேன். பழைய வானொலிக் கடைக்காரர்கள் கையாண்ட முறை இது. எங்கேனும் பெருங்குறுக்கு இருந்தால் விளக்கு பளிச்சென்று எரியும், பலகை தப்பிவிடும். விளக்கு எரியவில்லை. ஆனால் தட்டு நிற்கவும் இல்லை. ஆகவே குற்றவாளி சுத்திகள் அல்ல. மின்வழங்கிப் பலகையிலேயே ஒளிந்திருக்கிறான்.

செருகியைப் பிடுங்கிவிட்டு, அகழியின் மறுபக்கத்தில் இருந்த இரு வழிகளையும் ஓம் மீட்டரால் அளந்தேன். மூளைக்குச் செல்லும் வழி சரியாக இருந்தது. சுத்திகளுக்குச் செல்லும் வழியிலோ 2 ஓம்தான் காட்டிற்று. முனைகளை மாற்றி வைத்தாலும் 2 ஓம்தான். அந்த வழியில் இருந்த உறுப்புகளை ஒவ்வொன்றாக ஒரு கால் தூக்கிச் சோதித்தேன். நான்காவதாக வந்தது ஒரு ஜீனர் டயோடு. வழியில் மின்னழுத்தம் அளவுக்கு மிஞ்சினால் தன் மேல் ஏற்றுக்கொண்டு, பின்னால் உள்ளவற்றைக் காக்கும் காவற்காரன் அது. அதன் உடல் கருகி, எழுத்துகள் மறைந்திருந்தன. கால் தூக்கியவுடன் வழி சரியாயிற்று. குறுக்காக நின்றது அந்தக் காவற்காரனின் பிணம்தான்.

மாலை ஐந்து மணி இருக்கும். ஜீனரை எடுத்துவிட்டு, சுத்திகளை இணைக்காமல், மூளைக்குச் செல்லும் வழியில் மட்டும் அதற்குப் பதிலாக 4.7 ஓம் மின்தடை ஒன்றைச் சுமையாக வைத்து விசையை அழுத்தினேன். தட்டு நின்றது. ஒரு வழியில் சரியாக 5 வோல்ட். மற்றொன்றில் 52 வோல்ட். தலைமையாசிரியையின் முகம் மலர்ந்தது. "இணைத்துவிடலாமா, ஐயா?" என்று கேட்டார்.

அந்த 52 வோல்ட் வழியில் இருந்த மின்தேக்கியின்மேல் 63 வோல்ட் என்று அச்சிட்டிருந்தது. 63 தாங்கும் மின்தேக்கிக்கு 52 பொருத்தமாகத்தானே தெரிகிறது? தேர்வு நெருங்குகிறது, எல்லாரும் காத்திருக்கிறார்கள், என் கையும் இணைப்பை எடுத்துவிட்டது. உண்மையைச் சொல்கிறேன், இணைக்கும் நேரத்தில்தான் ஒரு கேள்வி என்னைத் தடுத்தது. காவற்காரன் ஏன் செத்தான்?

விடை தெரியவில்லை. "நாளைக் காலை வருகிறேன். அதுவரை யாரும் இதைத் தொடவேண்டாம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். தேர்வுக்கு மூன்று நாள் இருக்கையில் அப்படிச் சொல்வது எளிதாக இல்லை.

மறுநாள் பழைய அலைகாட்டி ஒன்றையும் அலையாக்கி ஒன்றையும் எடுத்துச் சென்றேன். சுத்தி வழியில் உண்மையில் எத்தனை வோல்ட் இருக்கவேண்டும் என்று பலகையையே கேட்பதென்று முடிவு செய்தேன். மூளை வழியைக் கட்டுப்படுத்தும் பகுதியில், 2.5 வோல்ட்டை அளவுகோலாகக் கொண்ட மூன்று கால் உறுப்பு ஒன்றும், ஒத்த மதிப்புள்ள இரு மின்தடைகளும் இருந்தன. இரண்டு ஒத்த மின்தடைகள் பாதியாகப் பிரிக்கும். ஆகவே அவ்வழி 5 வோல்ட்டுக்கென்றே அமைக்கப்பட்டது. பிறகு, மின்சாரம் இல்லாத நிலையில், மின்மாற்றியின் ஒரு சுருளில் சிறிய அலையைச் செலுத்தி இரு சுருள்களிலும் அளந்தேன். சுத்திச் சுருளில் 6.7 மடங்கு வந்தது. 5 வோல்ட் வழியின் டயோடில் அரை வோல்ட் இழப்பு உண்டு. ஆகவே அச்சுருளில் 5.5 வோல்ட். அதை 6.7 மடங்காக்கினால் ஏறத்தாழ 36.8. அந்த வழியின் டயோடில் ஏற்படும் இழப்பைக் கழித்தால் 36 வோல்ட்.

36 இருக்கவேண்டிய இடத்தில் 52! நேற்று இணைத்திருந்தால் சுத்திகளை இயக்கும் டிரான்சிஸ்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்திருக்கும். அதன் பிறகு அந்தப் பொறியை எவராலும் மீட்டிருக்க முடியாது.

ஆனால் ஒரு புதிர் எழுந்தது. இரு சுருள்களும் ஒரே மின்மாற்றியில் சுற்றப்பட்டவை. ஒன்றில் 52 வோல்ட் வரவேண்டுமானால், மற்றொன்றில் ஏறத்தாழ 7.9 வோல்ட் இருந்தாக வேண்டும். மல்டிமீட்டரோ 5 என்கிறது. இருவரில் ஒருவர் பொய் சொல்கிறார். யார்?

அகழியின் பாதுகாப்பான பக்கத்தில் மட்டும் அலைகாட்டியை இணைத்தேன். விடை திரையில் தெரிந்தது. 5 வோல்ட் வழி நேர்கோடாக இல்லை. மரம் அறுக்கும் வாளின் பற்களைப்போல இருந்தது. ஒவ்வொரு பல்லின் முனையும் 7.4 வோல்ட்டை எட்டியது. அடுத்த கணமே 5-க்குக் கீழே இறங்கியது. மல்டிமீட்டர் காட்டியது சராசரியை. அது பொய் சொல்லவில்லை. நான் கேட்ட கேள்விக்குத்தான் விடை சொன்னது. நான் கேட்க மறந்த கேள்வி வேறு.

பற்கள் ஏன் தோன்றின? 5 வோல்ட் வழியில் இருந்த 1,000 மைக்ரோஃபாரட் மின்தேக்கிதான் காரணம். மின்மாற்றியிலிருந்து துடிப்புத் துடிப்பாக வரும் மின்னோட்டத்தை விழுங்கிச் சீராக்கவேண்டியது அதன் கடமை. அது வெப்பத் தகட்டை ஒட்டி வைக்கப்பட்டிருந்தது. இவ்வகை மின்தேக்கிக்கு வெப்பம் 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது தொழிலறிந்தோர் கையாளும் கணக்கு. கழற்றி அளந்தபோது கொள்ளளவு 640 இருந்தது. அது அவ்வளவு மோசம் அன்று. ஆனால் அதன் உள்தடை, சில நூறில் ஒரு பங்கு ஓம் இருக்கவேண்டியது, அரை ஓமுக்கு மேல் வளர்ந்திருந்தது. 4 ஆம்பியர் துடிப்பு அரை ஓமில் பாய்ந்தால் 2 வோல்ட்டுக்கு மேல் எழும்பும் அல்லவா? தலை வீங்கவில்லை, நீர் கசியவில்லை. பார்வைக்கு அது புதியதாகவே இருந்தது.

இப்போது கதை முழுமையாயிற்று. வெப்பத்தால் மின்தேக்கி உலர்ந்தது. அதனால் 5 வோல்ட் வழியில் பற்கள் எழுந்தன. பற்களின் முனையைப் பின்பற்றிச் சுத்தி வழி 36-ஐத் தாண்டி ஏறியது. காவலுக்கு நின்ற ஜீனர் மிகுதியைத் தன் மேல் ஏற்று, சூடேறி, இறுதியில் குறுக்காகி மடிந்தது. குறுக்கைக் கண்ட சில்லு விழித்து விழித்து உறங்கியது. விளக்கு மினுக்கியது. நாம் கண்டது சங்கிலியின் கடைசிக் கண்ணியை; நோய் இருந்தது முதற் கண்ணியில்.

சென்னை ரிச்சித் தெருவிலிருந்து ஓர் இளைஞர் இரு பொருள்களை வாங்கி வந்தார்: 105 டிகிரி வெப்பம் தாங்கும், உள்தடை குறைந்த மின்தேக்கி ஒன்று, 39 வோல்ட் ஜீனர் டயோடு ஒன்று. இரண்டுக்கும் சேர்த்து ஐம்பது ரூபாய்கூட ஆகவில்லை. மின்தேக்கியின் கால்களைச் சற்று நீட்டி, வெப்பத் தகட்டிலிருந்து விலக்கி வைத்துப் பற்றவைத்தேன். சுமை மின்தடையோடு ஒரு மணி நேரம் ஓடவிட்டேன். பற்கள் மறைந்தன. சுத்தி வழியில் 36.4 வோல்ட் நின்றது. அதன் பிறகே இணைத்தேன்.

பொறி பெருமூச்சு விட்டதுபோல ஓசையிட்டுத் தாளை இழுத்தது. வினாத்தாளைச் சோதனைக்கு அச்சிடத் தலைமையாசிரியை உடன்படவில்லை. அந்த மாணவி எதிரிலேயே நிற்கிறாளே! எனவே தமிழ் எழுத்துகளை வரிசையாக அச்சிட்டார்கள். அவள் விரலை ஓட்டிப் படித்தாள். நாங்கள் எல்லாரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். "எழுத்து நன்றாக வந்திருக்கிறது, ஐயா. ஆனால் மூன்றாம் புள்ளி மட்டும் மெலிந்திருக்கிறது" என்றாள். சுத்தியைத் திறந்து பார்த்தோம். தாள் தூசு அடைத்திருந்தது. துடைத்ததும் சரியாயிற்று. அன்று இரவு முழுதும் பொறி ஓடியது. தேர்வு குறித்த நாளில் நடந்தது.

நான் எழுதிய வரைபடத்தைத் தூய்மையாக எழுதி, பொறியின் மூடிக்கு உட்புறம் ஒட்டினேன். இனி வருபவன் என்னைப்போல இருட்டில் தடவவேண்டாம் என்ற எண்ணத்தோடு நிமிர்ந்தபோது, அம்மாணவி கேட்டாள்: "வரைபடம் ஒட்டிவிட்டீர்கள், சரி. இங்கே தினமும் பொறியோடு இருப்பது நாங்கள். எங்களுக்கு?"

நியாயமான கேள்வி. உட்கார்ந்து சொல்லத் தொடங்கினேன். அவள் தட்டச்சு செய்தாள். 'அகழியின் இடப்பக்கத்தை எந்நேரமும் தொடக்கூடாது. சுத்தி வழியில் 36 வோல்ட் இருக்கவேண்டும். நிமிடத்துக்கு 140 தட்டு கேட்டால் வெளி வழியில் குறுக்கு என்று ஐயுறுக. முனகல் கேட்டால் ஏழாம் கால் மின்தேக்கியை ஐயுறுக.' இவ்வாறு இரண்டு பக்கம் வந்தது. அதே பொறி அதைப் பிரெயில் எழுத்தில் அச்சிட்டுத் தந்தது. தன் நோயையும் மருந்தையும் தானே எழுதிய பொறி அது ஒன்றாகத்தான் இருக்கும்.

மாணவ நண்பர்களே, வரைபடம் இல்லாத பொருள்கள் உங்கள் வாழ்விலும் பல வரும். அஞ்சவேண்டாம். முதலில் உயிருக்குப் பாதுகாப்பு, பிறகு வரைபடம், பிறகு அளவு, அதன் பின்னரே சூட்டுக்கோல். பழுது நீங்கிவிட்டது என்று தோன்றும் அந்த மகிழ்ச்சியான நேரத்தில், இன்னும் ஒரு முறை 'ஏன்' என்று கேளுங்கள். அறிந்துகொண்டதை எழுதி வையுங்கள். அடுத்து வருபவருக்குப் படிக்கக்கூடிய எழுத்தில் எழுதி வையுங்கள்.